மூன்றாவது கோப்பை வரை

ஹோஹன்ஆவ்
12 அக்டோபர் 1987

அன்புள்ள அக்கா வீப்கேவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பட்டியலில் எனக்கு இரண்டாம் இடம் கிடைத்திருக்கிறது. வெஸ்டர்ஹாவன் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுக் கணிதப் பேராசிரியர் பதவிக்கு மூன்று பெயர்களை எழுதித் தேர்வுக் குழு அமைச்சகத்துக்கு அனுப்பிவிட்டது. முதல் பெயர் வைட்லிஷ். அவர் ஏற்கெனவே தெற்கே பேராசிரியராக இருப்பவர். அழைப்பு முதலில் அவருக்குப் போகும். அவர் வேண்டாம் என்றால்தான் எனக்கு.

இங்கே என் ஒப்பந்தம் அடுத்த செப்டம்பரோடு முடிகிறது. இனிமேல் நீட்டிக்கச் சட்டம் இடம் தராது. சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே ஒருவனைப் பேராசிரியர் ஆக்கும் வழக்கமும் நம் நாட்டில் இல்லை. வெளியூர் கூப்பிட வேண்டும். நாற்பத்து மூன்று வயது வரை வேறு எந்த ஊரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆக, வைட்லிஷ் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் என் பிழைப்பு நிற்கிறது.

நான் கொடுத்த சோதனை விரிவுரை நன்றாகவே போனது. நம் ஊர்ச் சேற்றுவெளியைத்தான் பேசினேன். கடல் ஏறி வரும்போது ஈரத்துக்கும் காய்ந்ததுக்கும் நடுவே ஒரு கோடு ஓடுகிறதே, சின்ன வயதில் அதை மிதிக்காமல் அதன் கூடவே ஓடுவோமே, அந்தக் கோடு. தண்ணீர் இருக்கும் இடத்தில் என் சமன்பாடுகள் ஒழுங்காக நடக்கின்றன. தண்ணீர் இல்லாத இடத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை. அந்தக் கோட்டின் மேல் மட்டும் எதுவும் சொல்ல முடியாமல் கணக்கு திணறும். இத்தனை வருடமாக அதன் மேலேயே நின்றுகொண்டிருக்கிறேன். பேசி முடித்ததும் எல்லோரும் கைதட்டுவதற்குப் பதில், இங்கே வழக்கப்படி, விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். பலத்த தட்டல்தான். இரண்டாம் இடத்துக்கு உரிய தட்டல் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிடட்டுமா?

உன் தம்பி,
மென்னோ


ஓஸ்டர்சீல்
20 அக்டோபர் 1987

அன்புள்ள மென்னோ,

முழங்கால் மழை வரும்போது மட்டும் பேசுகிறது. இந்த ஊரில் அது வாய் மூடாது என்பது உனக்கே தெரியும். மற்றபடி சுகம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

தொலைபேசியில் கூப்பிடட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நீ பேசினால் பாதி நேரம் சும்மா இருப்பாய். நீ சும்மா இருப்பதற்குத் தபால் துறைக்குக் காசு கட்ட வேண்டாம். கடிதமே எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். வைட்லிஷ் வரமாட்டான். வாடிக்கையாக வாங்க ஒரு கடை இருக்கிறவன் அடுத்த தெருவில் விலை விசாரித்தால், அது தன் கடைக்காரனைப் பயமுறுத்தத்தான். வெஸ்டர்ஹாவன் அழைப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சொந்தப் பல்கலைக்கழகத்தின் மேசையில் வைப்பான். "பாருங்க, அங்க இவ்வளவு தர்றாங்க" என்பான். அவர்கள் கூட்டித் தருவார்கள். உட்கார்ந்துகொள்வான். கிறிஸ்துமஸுக்குள் பதவி உனக்கு. படகுத் துறையில் கைவண்டி வைத்துத் தேயிலை விற்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்த மாதிரி முகங்களைப் பார்த்து வருகிறேன்.

இங்கே வியாபாரம் நடக்கிறது. போன வாரம் அஸ்ஸாம் சரக்கு வந்தது. ஒரு மூட்டையின் தையலில் மூக்கை வைத்தேன். ஈரம் பட்ட வாடை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். லாரிக்காரன், "பிரிச்சுக்கூடப் பாக்கலையே அம்மா" என்றான். "நீ மோந்து பாக்கலையே தம்பி" என்றேன். மீதி மூட்டைகள் அருமை. அப்போதுதான் சுட்ட ரொட்டியின் மேல்தோல் மாதிரி ஒரு மணம், அடியில் கொஞ்சம் தேன். நம் வீட்டுக் கலவையில் உனக்கு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். அங்கே தெற்கில் அவர்கள் டீ என்று சொல்லும் அந்த நூல் கட்டிய காகிதப் பையைத் தொடாதே.

உன் அக்கா,
வீப்கே


ஹோஹன்ஆவ்
29 நவம்பர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பொட்டலம் வந்தது. பிரித்தபோது அறை முழுக்க நம் கடை வந்து நின்றது. கற்கண்டின் மேல் டீயை ஊற்றினேன். அது வெடிக்கும் சத்தத்தைக் கேட்டு என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் ஹார்ட்விக் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வைட்லிஷை நேரில் பார்த்தேன். காட்டுக்குள் இருக்கும் அந்தக் கணித விடுதியில் ஒரு வாரக் கூட்டம். அங்கே சாப்பாட்டு மேசையில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கைத்துணி உறை உண்டு. வேளைக்கு வேளை பரிமாறும் பெண்கள் அதை மாற்றிப் போடுவார்கள். இரண்டாம் நாள் மதியம் என் உறைக்குப் பக்கத்தில் அவர் உறை.

"நீங்கதானே ரெண்டாவது?" என்றார், உட்காருவதற்கு முன்பே.

"ஆமா."

"கோபமா?"

"இல்ல. உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்க."

தள்ளினார். நல்ல மனிதர் அக்கா. உருளைக்கிழங்கை முள்கரண்டியாலேயே மசித்துச் சாப்பிடுகிறார், நம் அப்பா மாதிரி.

"அந்த ஊர் எப்படி? மீன் நாத்தம் உண்டா?"

"மீன் இல்ல. கடல் வெளியே போனா சேத்து வாசனை வரும்."

"என் மனைவிகிட்ட அதச் சொல்லாதீங்க," என்றார். பிறகு, "உங்க ஈரக் கோடு வேலையப் படிச்சேன். நான் அந்தக் குழுவில இருந்திருந்தா உங்களத்தான் முதல்ல போட்டிருப்பேன்."

"அப்போ வராம இருந்துடுங்களேன்," என்றேன்.

மேசை முழுக்கச் சிரித்தது. வேடிக்கையாகச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மனதில் ஓடியது வாயில் வந்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டு மறுபடி உருளைக்கிழங்கை மசித்தார்.

மாலையில் தனியாகக் காட்டுக்குள் நடந்தேன். பனிமூட்டம் மரங்களுக்கு நடுவே ஏறிக்கொண்டிருந்தது, நம் ஊரில் கடல் ஏறுவதைப் போலவே சத்தம் இல்லாமல். அதன் ஓரம் எங்கே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஓரம் என்று ஒன்று இல்லை. இங்கே இருக்கிறது என்று சொல்லும்போது அது என் பின்னால் போயிருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது கேட்கவில்லை. ஆளை அனுப்பிக் கூட்டி வந்தார்கள்.

உன் தம்பி,
மென்னோ


ஓஸ்டர்சீல்
24 ஜனவரி 1988

அன்புள்ள மென்னோ,

பதில் தாமதம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் படுக்கையில் விழுந்தவள், ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாளும் தாண்டித்தான் எழுந்தேன். காய்ச்சல், தலை முழுக்கக் கம்பளி அடைத்த மாதிரி. இப்போது சுகம். நீ ஓடி வர வேண்டாம். கடையைத் திறந்துவிட்டேன்.

நான் முன்பு சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். வைட்லிஷ் உண்மையாகவே வர நினைக்கிறான். வராதவனுக்கு ஊர் வாசனை எதற்கு? பேரத்துக்காக மட்டும் விசாரிப்பவன் பணத்தைக் கேட்பான், ஆட்களைக் கேட்பான். இவன் மனைவியை நினைக்கிறான். அதனால் இனி வைட்லிஷைப் பார்க்காதே, அவன் மனைவியைப் பார். அவள் எப்போது ஊரைப் பார்க்க வருகிறாள், அப்போது கடல் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உன் பேச்சைப் படித்துக் கடையில் நின்றவாறே சிரித்தேன். "வராம இருந்துடுங்களேன்." இதைவிட நேர்மையாக யாரும் பேரம் பேசியதில்லை.

பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். இலை நல்ல கறுப்பு, நுனி பொன் நிறம். கொதிநீரில் செம்பு மாதிரி இறங்குகிறது.

உன் அக்கா,
வீப்கே


ஹோஹன்ஆவ்
19 பிப்ரவரி 1988

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் முழுதாக விட்டதா? கடிதம் சின்னதாக இருந்தது.

வைட்லிஷ் சம்மதம் சொல்லிவிட்டாராம். வாய்மொழியாகத்தான், ஆனால் வெஸ்டர்ஹாவனில் அவருக்கு வீடு தேடுகிறார்கள். ஹார்ட்விக் எனக்குக் கதவைத் திறந்துவிட்டு, தோளில் தட்டிவிட்டுப் போனார். யாரோ இறந்த வீட்டில் செய்வது போல.

அக்டோபரில் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் கணிதம் படித்தவனை எடுக்கும், முப்பது வயதுக்காரனாக இருந்தால். அணைக்கட்டு அலுவலகத்துக்கு எழுதினேன். எனக்கு அளவுக்கு மீறின தகுதி இருக்கிறதாம். கரும்பலகையில் அந்தக் கோட்டை வரைந்துவிட்டு இன்று வகுப்பில் பேச்சை நிறுத்திவிட்டேன். மாணவர்கள் ஏதோ பெரிய யோசனை என்று நினைத்துக் காத்திருந்தார்கள். இனி யார் இதை வரைவார்கள் என்று மட்டும்தான் யோசித்தேன்.

பொட்டலம் வந்தது. இது புதிய கலவையா? ஈரக் கயிறு மாதிரி ஒரு வாசனை. தபாலில் நனைந்திருக்குமோ?

உன் தம்பி,
மென்னோ


ஓஸ்டர்சீல்
8 ஏப்ரல் 1988

அன்புள்ள மென்னோ,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? உன் பிப்ரவரிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. ஈஸ்டருக்கு நேரிலேயே வந்துவிட்டாயே, பேசிவிட்டோம். பொட்டலம் தபாலில்தான் நனைந்திருக்கும்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. தீவில் விடுதி நடத்தும் ஆல்முத், எத்தனை வருட வாடிக்கைக்காரி, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மேசையில், நீ பக்கத்தில் இருக்கும்போது, முதல் கோப்பை முடிந்ததும் கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட்டாள். இந்த ஊரில் பிறந்தவள். கரண்டி போட்டால் இனி ஊற்றாதே என்று அர்த்தம், மூன்று கோப்பைக்கு முன்னால் அதைச் செய்வது வீட்டுக்காரியின் முகத்தில் அடிப்பது என்று அவளுக்குத் தெரியாதா?

"என்ன ஆல்முத், ஒண்ணோட நிறுத்திட்டே?" என்று கேட்டேனே.

"படகுக்கு நேரமாச்சு வீப்கே."

படகு கிளம்ப இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. தீவில் நிலம் விலை ஏறியதும் தலையும் ஏறிவிட்டது. நீ ஒருவன்தான் முறையாக மூன்றும் குடித்தாய். வளர்த்தது வீண் போகவில்லை.

நேரில் சொல்லாத ஒன்று. பெரிய நகரத் தேயிலை நிறுவனம் ஒன்று கடையை வாங்கிக்கொள்ளக் கேட்கிறது. பெயர்ப்பலகை அப்படியே இருக்குமாம், உள்ளே அவர்கள் சரக்கு. ஆளைத் திருப்பி அனுப்பினேன். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

அக்டோபரில் உனக்கு எங்கும் இடம் இல்லை என்றால் மாடி அறை இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குச் சங்கடமில்லை, கேட்க உனக்கும் வேண்டாம்.

உன் அக்கா,
வீப்கே


ஹோஹன்ஆவ்
14 மே 1988

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அழைப்பு வந்துவிட்டது. எனக்கு.

கடிதத்தை மூன்று தரம் படித்தேன், வேறொருவர் பெயர் எங்காவது இருக்கிறதா என்று. இல்லை. என் பெயர்தான். அமைச்சர் கையெழுத்து.

நீ சொன்னது நடந்தது. வைட்லிஷின் மனைவி வீடு பார்க்கப் போயிருக்கிறார். சன்னலைத் திறந்தபோது கடல் வெளியே போயிருந்தது. கண்ணுக்கு எட்டும் வரை சாம்பல் நிறச் சேறு, அதன் மேல் ஒரே ஒரு பறவை. "தண்ணி எங்கே?" என்று கேட்டாராம். "ஆறு மணி நேரத்துல வந்துடும்" என்றிருக்கிறார் வீட்டுத் தரகர். அதே வாரம் அவர்கள் பல்கலைக்கழகம் வைட்லிஷுக்கு இரண்டு உதவியாளர்களும் ஒரு பெரிய கணினியும் தந்து பிடித்து வைத்துக்கொண்டது. இதை அவரே தொலைபேசியில் சொன்னார். "நீங்க கேட்டீங்களே, வராம இருந்துட்டேன்," என்றார்.

ஜூன் முதல் வாரம் அமைச்சகத்தில் பேச்சுவார்த்தை. எனக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்பார்களாம்.

ஆல்முத்தைத் திட்டாதே அக்கா. கரண்டியைப் போட்டதற்கு அவளுக்கு ஒரு காரணம் இருக்கும்.

உன் தம்பி,
மென்னோ


ஓஸ்டர்சீல்
20 மே 1988

பேராசிரியர் தம்பிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் கடையைச் சாத்தினேன். கைவண்டி காலத்திலிருந்து பகலில் கடை சாத்தியது இது இரண்டாம் தடவை. முதலாவது அம்மா போன அன்று.

அழுதது போதும். இனி வேலை. நன்றாகக் கேட்டுக்கொள். நீ அவர்களுக்கு வேண்டும். மூன்றாவது ஆள் யாராக இருந்தாலும், அவனிடம் போனால் அவர்களுக்கு வெட்கக்கேடு. ஆகையால் உன் கை மேலே இருக்கிறது. நீ முதலில் விலை சொல்லாதே, அவர்கள் சொல்லட்டும். சொன்னதும் உடனே தலையாட்டாதே. வைட்லிஷுக்கு என்ன தருவதாக இருந்தார்கள் என்று கேள். வேண்டியதைவிட இரண்டு மடங்கு கேள், பாதியில் வந்து நில். அன்றைக்கே கையெழுத்துப் போடாதே. வீட்டில் அக்காவைக் கேட்க வேண்டும் என்று சொல்.

சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு போ.

உன் அக்கா,
வீப்கே


ஹோஹன்ஆவ்
11 ஜூன் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டை இஸ்திரி போட்டுத்தான் போனேன். மற்றது சரியாக நடக்கவில்லை.

அமைச்சகத்தில் ப்ரோக்மான் என்று ஓர் அம்மையார். மெல்லிய குரல், கூர்மையான பென்சில். "உங்களுக்கு என்ன தேவை, டாக்டர்?" என்று கேட்டார். நான் ஒரு வாரம் உட்கார்ந்து அதைக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். என் ஆராய்ச்சி நிற்காமல் நடக்க எது இல்லாமல் முடியாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்துக் கண்டுபிடித்த விடை: அரை நாள் உதவியாளர் ஒருவர், பழைய கணினியில் இரவு நேரப் பங்கு, ஒரு கரும்பலகை. அழகான விடை அக்கா. அதைத் தாளில் எழுதிக் காட்டினேன்.

அவர் படித்துவிட்டு, "இதுக்குக் கீழே போக முடியாதா?" என்றார்.

"முடியாது. நிரூபிச்சிருக்கேன்."

"அப்போ இதையே எழுதிக்கிறேன்."

அவர் பென்சிலை எடுத்தபோதுதான் புரிந்தது. ஒரு பொருள் எவ்வளவு குறைவாக இருந்தால் போதும் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழில். அதையே பேரத்திலும் செய்துவிட்டேன்.

கையெழுத்து மட்டும் போடவில்லை. வீட்டில் அக்காவைக் கேட்க வேண்டும் என்றேன். அவருக்கு அது பிடித்தது போலிருக்கிறது. ஜூலையில் இன்னொரு தடவை வரச் சொன்னார்.

உன் தம்பி,
மென்னோ


ஓஸ்டர்சீல்
19 ஜூன் 1988

மென்னோ,

கடைசி விலையை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட்டு, அதற்கு நிரூபணமும் கொடுத்துவிட்டு வந்த ஒரே வியாபாரி நீதான். கைவண்டியில் உன்னை உட்கார வைத்திருந்தால் வண்டியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு நடந்து வந்திருப்பாய்.

அடுத்த தடவை வாயே திறக்காதே. உனக்கு அது நன்றாக வரும். எதையாவது பார்த்துக்கொண்டு உட்கார். அவர்களே பேசட்டும்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. ஆல்முத் இரண்டு பெட்டி டீயைத் திருப்பி அனுப்பினாள். தீவில் இன்னொரு விடுதியும் அனுப்பியது. மனிதர்களுக்கு நாக்கு மாறிவிட்டது. பையில் அடைத்த டீயைக் குடித்துப் பழகிவிட்டார்கள்.

நிறுவனத்து ஆள் ஆகஸ்டில் வருகிறான். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். ஏன் என்று கேட்காதே. ஐம்பத்து மூன்று வயதாகிறது, முழங்கால் வலி, போதும்.

நீ உன் பேச்சுவார்த்தையைப் பார். என்னைப் பற்றி யோசித்து அங்கேயும் கோட்டை விடாதே.

வீப்கே


வெஸ்டர்ஹாவன் ரயில் நிலையம்
15 ஜூலை 1988

அன்புள்ள அக்காவுக்கு,

அமைச்சகத்திலிருந்து நேராக இந்த ஊருக்கு வந்தேன். கடல் வெளியே போயிருக்கிறது. சேறு மின்னுகிறது. நிலையத்துப் பலகையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சொன்னபடி செய்யப் போகிறேன் என்று முடிவு செய்துகூடப் போகவில்லை. தானாக நடந்தது. ப்ரோக்மான் அம்மையார் காபி கொடுத்தார். அதில் டப்பாப் பாலை ஊற்றினேன். அது கீழே போனது, அடியைத் தொட்டது, பிறகு ஒரு வளையமாக மேலே வந்து விரிந்தது. அந்த வளையம் உடையும் இடம் எது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேசியது எங்கோ தூரத்தில் கேட்டது.

"அரை நாள் உதவியாளர், சரிதானே?"

வளையம் இரண்டாகப் பிரிந்தது.

"சரி, முழு நேரமே தர்றோம்."

இரண்டும் நான்கானது.

"வைட்லிஷுக்குச் சொன்னத யாராவது உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. ரெண்டு உதவியாளர். புதுக் கணினி. இதுக்கு மேல என்னால முடியாது டாக்டர், தயவு செஞ்சு என்னப் பாருங்க."

நிமிர்ந்து பார்த்தேன். பாவம், அவர் முகம் சிவந்திருந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் நீ பெருமைப்பட்டிருப்பாய். நான் நிறுத்தவில்லை.

"நான் வெஸ்டர்ஹாவன்லயே குடியிருக்கணுமா?" என்று கேட்டேன்.

"பேராசிரியர் பல்கலைக்கழக ஊர்லதான் குடியிருக்கணும். விதி அது."

"அப்போ ரெண்டாவது உதவியாளர நீங்களே வச்சுக்கோங்க. என்னை ஓஸ்டர்சீல்ல குடியிருக்க விடுங்க. செவ்வாய், புதன், வியாழன் பல்கலைக்கழகத்துல இருப்பேன்."

"ஓஸ்டர்சீல்ல என்ன இருக்கு?"

"டீ குடிக்கணும்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "போன ஆள் கடல் தெரியற வீடு கேட்டார். நீங்க டீ கேக்கறீங்க. கணிதக்காரங்க எல்லாருமே இப்படித்தானா?" என்றார். எழுதிக்கொண்டார். கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ஏன் என்று இப்போது சொல்கிறேன். ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை டீயில் ஊற்ற வைத்த பாலேடு புளித்துக் கெட்டிருந்தது அக்கா. நீ மேசையில் கொண்டுவந்து வைத்தபோதே எனக்குத் தெரிந்தது. ஆல்முத்துக்கும் தெரிந்தது. நீ அதை ஊற்றிக் குடித்தாய், உன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பிப்ரவரியில் வந்த பொட்டலமும் தபாலில் நனையவில்லை. ஈரம் பட்ட மூட்டையை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவள் நீ. இந்த வருடம் அது உள்ளே வந்துவிட்டது. அந்தக் காய்ச்சல் உன் மூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது, இல்லையா?

திரும்பி வருமா என்று எனக்குத் தெரியாது. மருத்துவரிடம் நாம் போகலாம். அதுவரை ஒன்று யோசித்தேன். கடைக்குத் தேயிலை மாதிரிகள் வெள்ளிக்கிழமை வருகின்றன, திங்கள் மதியத்துக்குள் நீ பதில் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் நான் அங்கே இருப்பேன். எனக்கு மூக்கு இருக்கிறது, அதற்கு வார்த்தை கிடையாது. உனக்கு வார்த்தை எல்லாம் இருக்கிறது. ஈரக் கயிறு என்று நான் சொன்னால் அது எந்த மூட்டை, எந்த மூலை என்று உனக்குத் தெரியும். இது நடக்குமா நடக்காதா என்று வியாபாரி நீதான் சொல்ல வேண்டும். என் விலையை நானே சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டுவிட்டேன். நீ சொல்.

தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது. தூரத்தில் அந்தக் கோடு தெரிகிறது. ரயில் வருவதற்குள் அது எதுவரை வரும் என்று பார்க்கப் போகிறேன்.

உன் தம்பி,
மென்னோ


ஓஸ்டர்சீல்
2 ஆகஸ்ட் 1988

அன்புள்ள மென்னோ,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சும்மா இருந்தேன். நான் சும்மா இருந்து நீ பார்த்ததில்லை.

ஆமாம். ஜனவரியிலிருந்து தாரும் ரோஜா சோப்பும் எனக்கு ஒன்றுதான். காலையில் எழுந்து டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறப்பேன். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் வெள்ளைச் சுவரைப் பார்ப்பது மாதிரி இருக்கிறது. யாரிடம் சொல்வது? மூக்குப் போன தேயிலைக்காரி என்று தெரிந்தால் மறுநாள் துறைமுகம் முழுக்கச் சிரிக்கும். நிறத்தைப் பார்த்து, பழைய நினைப்பில் கலந்து, ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஓடவில்லை.

நேற்று ஆல்முத் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன். "உன் முகத்தப் பாத்தா சொல்ல வரல வீப்கே. கரண்டியத்தான் போட முடிஞ்சுது," என்றாள். செப்டம்பர் சரக்கை அனுப்பச் சொல்லியிருக்கிறாள், நீ ருசி பார்த்த பிறகு.

நிறுவனத்து ஆள் காலையில் வந்தான், நல்ல பேனா ஒன்றோடு. டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை கதவையும் சாத்தினேன்.

ஒரு முழு உதவியாளரைக் கொடுத்து டீக்கு இடம் வாங்கியவனை நான் பார்த்ததில்லை. மோசமான பேரம். அதைத் திருத்த இனி வழியில்லை, ஆகையால் என்னோடு செய்யும் பேரமாவது ஒழுங்காக இருக்கட்டும். இதில் மேலே கீழே கிடையாது:

வெள்ளி மதியத்திலிருந்து திங்கள் மதியம் வரை நீ கடைக்கு. செவ்வாயிலிருந்து வியாழன் வரை பல்கலைக்கழகத்துக்கு. அந்த நாட்களில் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. வாசனையைச் சாதாரணப் பேச்சில் சொல்ல வேண்டும், சமன்பாடு கூடாது. கலப்பது நான், அதில் நீ வாய் வைக்கக் கூடாது. கடல் வெளியே போகும் நேரத்தில் ஒரு மணி நேரம் நீ சேற்றுக்குப் போய்க்கொள்ளலாம், கோட்டைப் பார்க்க. கூலி மாடி அறை, இரவுச் சாப்பாடு, வேளைக்கு மூன்று கோப்பை, கற்கண்டு வேண்டிய மட்டும். பாலேடு கெட்டிருந்தால் முதல் கோப்பையிலேயே சொல்லிவிட வேண்டும்.

உன் அக்கா,
வீப்கே